ஐந்தாம் புள்ளி

தெரியுதா என்று கேட்கிறார் டாக்டர். தெரியுது என்கிறேன். இந்த ஒரு சொல்லோடு எனக்கு ஆயுள் பூராவும் தகராறு. கண்ணால் பார்ப்பதும் தெரிவதுதான், புத்தியால் அறிவதும் தெரிவதுதான், தோலில் உறைப்பதும் தெரிவதுதான். நம் ஆட்கள் மூன்றுக்கும் ஒரே சொல்லை வைத்துக்கொண்டு குழப்பமில்லாமல் காலம் தள்ளிவிட்டார்கள், என்னைத் தவிர. பள்ளிக்கூடத்தில் மூன்று மாணிக்கம் வாத்தியார்கள் இருந்தபோது கணக்கு மாணிக்கம், பி.டி. மாணிக்கம், கண்ணு தெரியாத மாணிக்கம் என்று அடையாளம் வைத்தார்கள். மற்ற இருவரும் மாற்றலாகிப் போன பிறகும் எனக்கு மட்டும் அது ஒட்டிக்கொண்டது. வேதமாணிக்கம், தமிழாசிரியர் என்று நானாகச் சொல்லிக்கொண்டால்தான் உண்டு. அதனாலேயே தெரியலை என்ற சொல்லை நான் பக்கத்தில் அண்ட விடுவதில்லை. வழி தெரியுமா சார், தெரியும். முன்னால படி இருக்கு, தெரியுதா சார், தெரியுது. பிறகு கால்விரல் இடித்துக்கொண்டால் அது எனக்கும் படிக்கும் உள்ள விவகாரம். இப்போது மணிக்கட்டுக்குச் சற்று மேலே உள்பக்கமாக இரண்டு ஊசி, முழங்கை மடிப்புக்குக் கீழே ஒன்று, கட்டைவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவே சதையில் ஒன்று. ஊசிகளின் தலையில் சின்னச் சின்னக் கிளிப்புகளை மாட்டியாகிவிட்டது. கிளிப்பிலிருந்து வயர், வயரிலிருந்து மிஷின். கொஞ்சம் கூட்டுதேன் சார், தாங்க முடியலைன்னா சொல்லிருங்க என்று டாக்டர் செய்யதலி பாத்திமா குமிழைத் திருகுகிறார். என் சுட்டுவிரல் என்னைக் கேட்காமல் குதிக்கிறது. டக், டக், டக். அது குதிப்பது எனக்குத் தெரிவது விரலால் அல்ல, விரலடியில் விரித்திருக்கும் ரெக்சின் எழுப்பும் சத்தத்தால். இதை நான் டாக்டரிடம் சொல்லவில்லை. அரை மணி நேரம் ஆகும், கண்ணை மூடிப் படுத்துக்கோங்க என்று பழக்க தோஷத்தில் சொல்லிவிட்டு, நாக்கைக் கடித்துக்கொண்டு, வளையல் குலுங்கத் திரையை இழுத்துவிட்டுப் போகிறார்.

கண்ணை மூடிப் படுத்திருக்கிறேன். அசதியாக இருக்கிறது. உடம்பு அசதியைத் தூங்கினால் தீர்த்துக்கொள்ளலாம், இது வேறு. நரம்பு டாக்டர் கொடுத்த மாத்திரையால் காலையில் எழும்போதே தலையில் ஈரத்துணியைப் போட்ட மாதிரி இருக்கும், அது மதியம் வரை இறங்காது. அவர்தான் சொன்னார், மணிக்கட்டில் ஒரு இடுக்கு வழியாக நரம்பு போகிறதாம், அந்த இடுக்கு வீங்கி நரம்பை நெரிக்கிறதாம், சர்க்கரை வேறு அதோடு கூட்டுச் சேர்ந்துவிட்டதாம். கிழித்துவிட்டால் சரியாகலாம், ஆனால் உங்கள் சர்க்கரைக்குப் புண் ஆறாது, முதலில் அதை இறக்கிக்கொண்டு வாருங்கள் என்றார். அது இறங்குவேனா என்கிறது. அதுவரை இந்த அக்குபங்சரைச் செய்து பாருங்கள், சிலருக்குக் கேட்கிறது என்று இங்கே அனுப்பினார். முதல் நாள் என் மனைவி ரோஸ்லின் கேட்டாள், கரண்டா வைக்கீய, ஷாக் அடிச்சிராதே டாக்டர் என்று. பேட்டரிதாம்மா, கொசு பேட் அளவுக்குக்கூட அடிக்காது என்றார் டாக்டர். ரோஸ்லின் அப்போதும் நம்பவில்லை, என் கால் செருப்பைக் கழற்ற விடாமல் வைத்திருந்தாள். வலி அப்போது அப்படி இருந்தது. விண்விண்ணென்று தெறிக்கும், சுருக்கென்று ஏறும், ராவெல்லாம் கையைத் தொங்கப் போட்டு உதறிக்கொண்டே கிடப்பேன். வலிக்கு மட்டும் தமிழில் பஞ்சமே கிடையாது. குத்தல், குடைச்சல், உளைச்சல், கடுப்பு, காந்தல். வரிசையாகச் சொன்னபோது டாக்டர் சிரித்துவிட்டார், இவ்வளவு தெளிவா ஒருத்தரும் சொன்னதில்லை சார் என்று. அந்த வலி இங்கே வர வரக் குறைந்துவிட்டது. பொய் சொல்லக் கூடாது, நன்றாகவே குறைந்துவிட்டது. ரோஸ்லினுக்கு அந்த சந்தோஷம். எனக்கு, இதை யாரிடம் சொன்னாலும் அடிக்க வருவார்கள், வலி போனது பயமாக இருக்கிறது. வலித்தபோது விரல் அங்கே இருந்தது. இப்போது அந்த இடத்தில் யாரோ ஒரு பென்சில் துண்டை ஒட்டவைத்துவிட்டுப் போன மாதிரி இருக்கிறது.

வலிக்கு அத்தனை சொல் வைத்தவர்கள் இதற்கு என்ன வைத்தார்கள், மரத்துப்போதல். மரம் மாதிரி ஆகிவிடுவது. மரத்துக்கு ஒன்றும் தெரியாது என்று யார் அதனிடம் போய்க் கேட்டார்களோ. வகுப்பில் இதை எத்தனையோ தடவை நடத்தியிருக்கிறேன், பெயரிலிருந்து வினை வரும், மரம், மரத்தது, மரத்துப்போயிற்று என்று. இந்த ஜூனில் எட்டாம் வகுப்பில் அந்த மரமே வந்து என் காலை வாரியது. பிரெய்லில் ஒரு எழுத்துக்கு ஆறு புள்ளி, இடப்பக்கம் மேலிருந்து கீழாக ஒன்று, இரண்டு, மூன்று, வலப்பக்கம் நான்கு, ஐந்து, ஆறு. ஒரு விரல் நுனிக்குள் ஆறும் அடங்கிவிடும். எது எழும்பியிருக்கிறது, எது இல்லை என்பதுதான் எழுத்து. ர என்றால் ஒன்று, இரண்டு, மூன்று, ஐந்து. அதில் ஐந்தை எடுத்துவிட்டால் ல. என் விரலில் முதலில் செத்தது வலப்பக்கத்து நடு. அதாவது ஐந்தாம் புள்ளி. அது செத்தது எனக்குத் தெரியாது. பாடப்புத்தகத்தில் கையை வைத்துக்கொண்டு, மனம் அன்று ஏதோ சம்பள பில்லில் கிடந்தது, வாய் பாட்டுக்கு வாசித்தது: வீட்டுக்கு ஒரு மலம் வளர்ப்போம். ஒரு நொடி சத்தமே இல்லை. பிறகு வகுப்பே உடைந்தது. பெஞ்சு கவிழ்கிற சத்தம்கூடக் கேட்டது. நானும் உடனே சிரித்துவிட்டேன், கவனிக்கியளான்னு பார்த்தேன்லே என்றேன். நம்பிவிட்டார்கள். ஆசிரியர் அறையில் அன்று பூராவும் அதுதான் பேச்சு, மாணிக்கம் சாருக்கு என்ன குசும்பு பார்த்தீயளா என்று. நான் மட்டும் மதியச் சாப்பாட்டை அப்படியே மூடி வைத்துவிட்டு, புத்தகத்தை மடியில் விரித்து, அந்த வரியைத் திரும்பத் திரும்பத் தடவிக்கொண்டிருந்தேன். மலம். மலம். மலம். நகத்தால் சுரண்டிப் பார்த்தால் புள்ளி இருக்கிறது. விரலை வைத்தால் இல்லை. அன்று சாயங்காலம் நலம் என்ற சொல்லையும் தேடிப் பிடித்துத் தடவினேன். ந-விலும் ஐந்து உண்டு, அது போனால் ம. நலமும் மலம்தான். மரமும் மலம்தான். சிரிப்புதான் வந்தது, சிரித்து முடித்தபோது வாய் கைத்துக் கிடந்தது.

போன்தான் படிக்குதே சார் என்கிறார்கள். படிக்கிறது. ஒரு பெண்பிள்ளை குரலில், எங்கே நிறுத்துவது என்று தெரியாமல், பழத்தையும் பளத்தையும் ஒன்றாக்கிக்கொண்டு, மூச்சே விடாமல் படிக்கிறது. குரல் நன்றாக இருந்தாலும் அது படிப்பு ஆகாது. காதால் கேட்டால் நடுவில் ஒரு ஆள் உட்கார்ந்திருக்கிற மாதிரி. சின்ன வயதில் அம்மை வந்து கண் போனதிலிருந்து எனக்கு நடுவில் எப்போதும் ஒரு ஆள் உண்டு. ரோட்டைக் கடக்க ஒரு ஆள், கையெழுத்துப் போடும் இடத்தைக் காட்ட ஒரு ஆள், சட்டை என்ன நிறம் என்று சொல்ல ஒரு ஆள். எல்லாரும் நல்லவர்கள்தான், ஒருவரையும் குறை சொல்ல மாட்டேன். ஆனால் ஆளே இல்லாத ஒரு இடம் எனக்கு இருந்தது, அது பக்கம். கோயிலில் போதகர் ஐயர் பிரசங்கத்தை நீட்டி முழக்கும்போது நான் மடியில் துணிப்பையை வைத்துக்கொண்டு அதற்குள் கையை விட்டிருப்பேன். உள்ளே ஒரு நாவல் திறந்து கிடக்கும். முகத்தை மட்டும் பக்தியாக வைத்துக்கொண்டால் போதும். ஐயர் ஏசாயாவில் இருக்கும்போது நான் ஒரு கொலையைத் துப்புத் துலக்கிக்கொண்டிருப்பேன். ஒரு தடவை கொலைகாரன் யாரென்று தெரிந்த நேரத்தில் சத்தமாக அடப்பாவி என்று சொல்லிவிட்டேன், ஐயர் அப்போது யூதாஸைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்ததால் தப்பித்தேன். ரோஸ்லின் மட்டும் தொடையில் கிள்ளினாள். கண்ணுள்ளவர்கள் ஒருவராலும் அப்படிப் படிக்க முடியாது, அதில் எனக்கு ஒரு திமிரே உண்டு. இந்த ஆடியிலிருந்து பை மடியில் இருக்கிறது, கை உள்ளே இருக்கிறது, ஒன்றும் நடப்பதில்லை. பிரசங்கம் முழுவதையும் கேட்டுத் தொலைக்க வேண்டியிருக்கிறது. இடக்கை இருக்கிறதே என்று கேட்கலாம். பாளையங்கோட்டையில் நான் படித்த பள்ளிக்கூட விடுதியில் நாற்காலி பின்னச் சொல்லித் தருவார்கள். கண் தெரியாதவன் என்றால் பிரம்பு பின்னியாக வேண்டும் என்று அந்தக் காலத்தில் ஒரு சட்டம். பிளந்த பிரம்பு ஒன்று இடது சுட்டுவிரல் நுனியைச் சீவிவிட்டது. அதில் வடு ஏறி அன்றைக்கே முரட்டுத்தோல் ஆகிவிட்டது. அந்த விரல் வரி மாறாமல் பிடித்துக்கொள்ளும், அவ்வளவுதான் அதன் உத்தியோகம். படித்தது பூராவும் இந்த ஒற்றை விரல்.

டக், டக், டக். திரைக்கு அந்தப் பக்கம் யாரோ இடுப்பு வலிக்காரர் குறட்டை விடுகிறார். கொடுத்துவைத்தவர். பழைய பாடங்கள் எல்லாம் எனக்கு மனப்பாடம், அதனால் இத்தனை நாள் ஓடிவிட்டது. புத்தகத்தை விரித்துவைத்து, விரலை ஓட்டி, மனதில் இருப்பதைச் சொல்லிவிடுவேன். சரியான இடத்தில் பக்கத்தைப் புரட்டுவதுகூட ஒரு நடிப்புக்குத்தான். ஆனால் ஒன்பதாம் வகுப்புக்குப் புத்தகம் மாற்றிவிட்டார்கள். புதிய பிரெய்ல் பிரதி வந்துவிட்டது, இப்போது என் பையில் கிடக்கிறது, நல்ல மொத்தம், புதுத்தாள் வாசனை. திங்கட்கிழமை அந்தப் பாடத்தை ஆரம்பிக்க வேண்டும். ரோஸ்லினை விட்டுச் சத்தமாக வாசிக்கச் சொல்லி மனப்பாடம் செய்யலாம், செய்வேன், வேறென்ன. ஆனால் ஏன் என்று அவள் கேட்பாள். கேட்டால் என்ன சொல்வது. வகுப்பில் ஒரு பையனைப் பற்றி அம்மா அப்பாவிடம் சொல்வோமே, எல்லாம் நல்லாத்தான் இருக்கான், படிக்க வரலை என்று. அதைச் சொல்லும்போது தலையை ஒரு பக்கமாகச் சாய்த்து, ரொம்ப வருத்தப்படுகிற குரலில் சொல்வோம். அந்தக் குரல் என் காதில் இப்போது கேட்கிறது, என்னைப் பற்றி. மாணிக்கம் சாருக்குப் படிக்க வரலை. படிக்க வராது என்று முடிவாகிவிட்ட பையன்கள் கடைசி பெஞ்சில் என்ன செய்துகொண்டிருப்பார்கள் என்று இத்தனை வருடம் எனக்குத் தோன்றியதே இல்லை. சும்மா உட்கார்ந்திருப்பார்கள் போல. கையை மேசையில் வைத்துக்கொண்டு, மணி அடிக்கிற வரைக்கும்.

இங்கேயும் மணி அடிக்கும். அடித்ததும் பரீட்சை.  ஊசிகளை எடுத்த பிறகு டாக்டர் ஒரு ஜெம் கிளிப்பை நிமிர்த்தி, ஒரு பக்கம் ஒரு முனை, மறுபக்கம் நெருக்கமாக இரண்டு முனை என்று வளைத்து வைத்திருப்பார். என் விரல் நுனியில் அதை வைத்து, ஒண்ணா ரெண்டா, தெரியுதா என்று கேட்பார். முதல் நாள் எனக்கு ஒன்றும் தெரியவில்லை. கம்பியை வைத்தாரா காற்றை வைத்தாரா என்றுகூடத் தெரியவில்லை. ஆனால் ஒன்றிலிருந்து இரண்டுக்கு மாற்றும்போது அவர் மணிக்கட்டைத் திருப்ப வேண்டும், திருப்பினால் கண்ணாடி வளையல் கிலுங்கென்னும். கிலுங்கினால் மாறிவிட்டது, கிலுங்காவிட்டால் பழையதுதான். இதைக் கண்டுபிடிக்க எனக்கு இரண்டு கேள்விகூட ஆகவில்லை. நான் ஏமாற்ற வேண்டும் என்று உட்காரவில்லை, சத்தியமாக. யாராவது தெரியுதா என்று கேட்டால் என் காது முந்திக்கொண்டு விடையைத் தேட ஓடிவிடும், அது ஐந்து வயதிலிருந்து பழக்கம். வாய் ரெண்டு என்றது. டாக்டர் ஆஹா என்றார். அப்புறம் நிறுத்த முடியவில்லை. நம்ப வேண்டுமே என்பதற்காக நடுநடுவே வேண்டுமென்றே தப்பாகவும் சொன்னேன். வாரத்துக்கு வாரம் தப்பைக் குறைத்துக்கொண்டே வந்தேன். தேறி வருகிற மாணவன் எப்படித் தேறுவான் என்பது வாத்தியாருக்குத் தெரியாதா. டாக்டர் ரோஸ்லினைக் கூப்பிட்டு, சாருக்கு உணர்ச்சி நல்லா திரும்புதும்மா என்று சொன்னார். ரோஸ்லின் என்ன செய்தாள் என்றால் அன்று இறால் வாங்கிக் குழம்பு வைத்தாள், வைத்ததோடு நிற்கவில்லை, போன ஞாயிற்றுக்கிழமை கோயில் பெண்கள் ஐக்கிய சங்கத்தில் எழுந்து நின்று சாட்சி சொல்லிவிட்டாள். என் கணவருடைய விரலை ஆண்டவர் தொட்டார் என்று. நான் வெளியே வேப்பமரத்தடியில் பையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன், ஒலிபெருக்கியில் கேட்டது. அல்லேலூயா என்று அத்தனை பெண்களும் சொன்னார்கள். ஆண்டவர் பெயரையும் இதில் இழுத்துவிட்டாயே பாவி என்று என்னையே திட்டிக்கொண்டேன். அல்லேலூயா என்று நானும் முனகினேன், வேறு என்ன சொல்வது என்று விளங்கவில்லை.

கொஞ்சம் கண் அயர்ந்திருப்பேன் போல. டக், டக் என்பது நடுவில் வேறு சத்தமாகிவிட்டது. விடுதியில் சாயங்காலம் எல்லோரும் சேர்ந்து எழுதுகிற சத்தம். பிரெய்ல் ஸ்லேட்டில் தாளைச் செருகி, ஸ்டைலஸ் என்ற குத்தூசியால் ஒவ்வொரு புள்ளியாகக் குத்துவோம், ஒரு ஹால் நிறையப் பையன்கள் குத்தினால் ஓட்டுக்கூரையில் மழை பெய்கிற மாதிரி இருக்கும். குத்துவது இந்தப் பக்கம், எழுவது அந்தப் பக்கம். அதனால் வலமிருந்து இடமாக எழுத வேண்டும், முடித்துவிட்டுத் தாளைப் புரட்டினால்தான் எழுத்து இடமிருந்து வலமாக நிற்கும். முதலில் இது மண்டையில் ஏறாமல் நான் அழுதிருக்கிறேன். டாக்டர் இந்தப் பக்கம் குத்துகிறார். அந்தப் பக்கம் ஏதாவது எழுகிறதா. இவரும் இதைப் புள்ளி என்றுதான் சொல்கிறார், இந்தப் புள்ளி நரம்புக்கு சார், இந்தப் புள்ளி ரத்த ஓட்டத்துக்கு என்று. அவர் அப்படிச் சொன்ன முதல் நாள் எனக்கு மனம் ஒரு துள்ளு துள்ளியது, நம் ஆள் என்று. உடம்பு பூராவும் புள்ளி இருக்கிறது, யாருக்கோ அதை வாசிக்கத் தெரிகிறது, என்னுடைய ஒரு புள்ளியைத் திருப்பித் தந்துவிட மாட்டாரா என்று. அப்படி நினைத்தவன்தான் வந்து அவரையே ஏமாற்றுகிறேன். இன்றைக்குச் சொல்லிவிடலாம். இன்றைக்கு வேண்டாம், ரோஸ்லின் வாசலில் இருக்கிறாள். போன தடவையும் இதையேதான் நினைத்தேன். இப்போது சொன்னால் இத்தனை நாள் ஏன் சொல்லவில்லை என்பார், அதற்கு விடை சொல்ல வேண்டும், அதற்கு அப்புறம் ரோஸ்லின், அப்புறம் ஐக்கிய சங்கம், அப்புறம் பள்ளிக்கூடம். ஒரு நூலை இழுத்தால் சட்டையே பிரிந்துவிடும். சொல்லாவிட்டால் ஒன்றும் ஆகாது, இப்படியே போகும், எனக்கு மட்டும்தான் தெரியும். தெரியும். பார், மறுபடியும் அதே சொல். டக் என்று மிஷின் நின்றது. மணி அடித்தது.

திரை விலகுகிறது. டாக்டர் கிளிப்புகளைக் கழற்றி, ஊசிகளை ஒவ்வொன்றாக உருவி, பஞ்சை வைத்து அழுத்துகிறார். வழக்கமாக ஏதாவது பேசிக்கொண்டே செய்வார். இன்று சும்மா இருக்கிறார். ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து என் கையை மல்லாத்திப் பிடிக்கிறார்.

"பார்ப்பமா சார்?"

"பார்ப்போம்."

"ஒண்ணா, ரெண்டா?"

வளையல் சத்தமில்லை. "ஒண்ணு."

"இப்போ?"

கிலுங். "ரெண்டு."

"இப்போ?"

கிலுங். இடையில் ஒரு தப்பு வைக்கலாமா என்று யோசித்தேன், அலுப்பாக இருந்தது. "ஒண்ணு."

"இப்போ?"

கிலுங். "ரெண்டு."

 மின்விசிறி ஒரு சுற்றுக்கு ஒரு முறை முனகிக்கொண்டிருந்தது. திரைக்கு அந்தப் பக்கம் குறட்டையும் நின்றுவிட்டது.

"நான் தொடவே இல்லியே சார்," என்றார் டாக்டர். கோபமே இல்லாத குரல். "நேத்து எங்க வீட்டுல சின்னவன் கண்ணைக் கட்டிக்கிட்டு விளையாடுனான். நான் எங்க ஒளிஞ்சாலும் நேரா வந்து பிடிச்சான். எப்பிடிடான்னேன். வளையல் சத்தம் கேக்குதே உம்மாங்கான். எனக்கு உடனே உங்க ஞாபகம் வந்துட்டு."

என் கை அவர் கையில் இருந்தது. எடுத்துக்கொள்ளலாமா என்று இருந்தது, எடுக்கவில்லை. அவர் வளையல்களை ஒவ்வொன்றாகக் கழற்றி ஊசித் தட்டில் போட்டார். அந்தச் சத்தம் ஓய்ந்த பிறகு அறை வெறிச்சென்று ஆகிவிட்டது. எனக்குப் பிடித்துக்கொள்ள ஒன்றும் இல்லை.

"இப்போ சொல்லுங்க சார்."

காத்திருந்தேன். வைத்துவிட்டாரா, இன்னும் இல்லையா. மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்டேன், அவரும் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

"தெரியலை," என்றேன்.

"இப்போ?"

"தெரியலை."

"கட்டைவிரல்?"

"தெரியலை."

"நடுவிரல்?"

"தெரியலை டாக்டர்." ஒரு தடவை சொன்ன பிறகு அது பாட்டுக்கு வந்தது. தண்ணீரைத் திறந்துவிட்ட மாதிரி வந்தது. கண்ணிலும் வந்துவிட்டது, அது மட்டும் எனக்கு நன்றாகவே வேலை செய்யும். "எனக்குப் படிக்க வரலை, டாக்டர். ஆடி மாசத்துலேருந்து ஒரு வரி படிக்கலை. ஒரு வரிகூட. வலின்னு வந்தேன். வலி போயிட்டு, நெசம். வலியைப் போக்கத்தான் வந்தேன்னு எல்லார்ட்டயும் சொன்னேன். நான் வந்தது அதுக்கில்லை."

டாக்டர் ஸ்டூலை இன்னும் பக்கத்தில் இழுத்துப் போட்டார். பிறகு சொன்னார், "சார், உங்களுக்குத் தேறிட்டு வருதுன்னு நெனச்சு நான் கரண்டைக் குறைச்சுக்கிட்டே வந்தேன். புள்ளிகளையும் குறைச்சேன்."

அது எனக்குத் தோன்றவே இல்லை. இத்தனை புத்திசாலித்தனத்துக்கு நடுவில் அது ஒன்று மட்டும் தோன்றவில்லை.

"திங்கக்கிழமை வாங்க. முதல்லேருந்து ஆரம்பிப்போம். வந்துரும்னு நான் வாக்குக் குடுக்க மாட்டேன். சர்க்கரையை நீங்க இறக்கியே ஆவணும். இறங்குனா அறுவை சிகிச்சைக்கு நானே எழுதித் தாரேன்." சொல்லிக்கொண்டே கையை விடாமல் ஏதோ செய்துகொண்டிருந்தார்.

"ரெண்டு," என்றேன்.

"என்ன சார்?"

"ரெண்டு. ரெண்டு முனை. இப்ப ஒண்ணு."

"சுண்டுவிரல் சார் இது," என்றார். "இதுக்கு நரம்பு வேற வழியா வருது. அந்த இடுக்குல மாட்டாது. இதுல ஒரு கோளாறும் இல்லை."

சட்டையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தேன். வராந்தாவில் ரோஸ்லின் எழுந்து என்னைப் பெஞ்சில் உட்காரவைத்து, பையை மடியில் வைத்துவிட்டு, ஆட்டோவைக் கூப்பிட்டுட்டு வாரேன் என்று போனாள். பையில் கையை விட்டேன். புதுப் புத்தகம், புதுத்தாள், இன்னும் யார் கையும் படாமல் புள்ளிகள் கூர்மையாக நிற்கும். முதல் பாடத்தைத் திறந்து, சுட்டுவிரலை மடக்கிக்கொண்டு, சுண்டுவிரலை எடுத்து வைத்தேன். இத்தனை வருடம் அது பக்கத்தில் சும்மா கூட வந்துகொண்டிருந்த விரல். கோணலாக விழுந்தது. எது மேல், எது கீழ் என்று அதற்குத் தெரியவில்லை, இரண்டு எழுத்துக்கு நடுவே போய் நின்றுகொண்டது. திரும்ப வரியின் தொடக்கத்துக்குக் கூட்டிக்கொண்டு வந்தேன். ஏதோ இருக்கிறது. சொரசொரவென்று நிறைய இருக்கிறது, ஆனால் எழுத்தாக நிற்கவில்லை. ஒன்று, மூன்று, நான்கு. ம. அடுத்தது. ஒன்று. இரண்டு. மூன்று. வலப்பக்கம் நகர்த்தினேன். நடுவில் ஏதோ தட்டியது, தட்டியதா, நானாக நினைத்துக்கொண்டேனா, விரல் வழுக்கிக் கீழே போய்விட்டது. ர-வா, ல-வா. புதுப்பாடம், மனப்பாடம் இல்லை, யாரும் என் காதில் சொல்லவும் இல்லை. மறுபடியும் ஒன்றிலிருந்து.

செருப்புச் சத்தம். ஆட்டோ வாசலில் உறுமிக்கொண்டு நின்றது. "போவமாங்க? டாக்டர் என்ன சொன்னாவ?" என்றாள் ரோஸ்லின். பிறகு குனிந்து பைக்குள் பார்த்திருக்க வேண்டும், குரல் பக்கத்தில் வந்தது. "ஏன் சுண்டுவிரலை வச்சுத் தடவுதீய?"

"மத்தது தெரியலை, ரோசி. கொஞ்சமும் தெரியலை. தெரியும்னு டாக்டர்ட்ட பொய் சொல்லிக்கிட்டே வந்தேன், ஒன்கிட்டயும் சொன்னேன்."

அவள் மூச்சு நின்று வந்தது கேட்டது. சாட்சி சொன்னது அவளுக்கும் ஞாபகம் வந்திருக்கும். பெஞ்சின் மறுபக்கம் அமுங்கியது, உட்கார்ந்துவிட்டாள். நான் விரலை எடுக்கவில்லை, எடுத்தால் இடம் தவறிவிடும். ரொம்ப நேரம் கழித்து, "அது என்ன எழுத்து?" என்றாள்.

"தெரியலை. இரு."

அவள் எழுந்து போய் ஆட்டோக்காரரை அனுப்பிவிட்டு வந்தாள்.